டிராஃபிக் சலான் குவிந்தால் கார் இன்சூரன்ஸ் கட்டணம் எகிறுமா? நெய்வேலி வாகன ஓட்டிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

செல்போனில் பேசிக்கொண்டே ஓட்டியதற்கு ஒரு சலான், சீட் பெல்ட் போடாததற்கு இன்னொன்று, வடலூர் பக்கம் வேகமாகப் போனதற்கு மூன்றாவது. ஒரே காரின் பெயரில் இப்படி சலான்கள் சேர்ந்துகொண்டே போனால், அடுத்த முறை இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது பிரீமியம் ஏறிவிடுமா? நெய்வேலி நகரியத்தில் கார் வைத்திருக்கும் பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது.

இன்றைய நிலவரப்படி, சலானுக்காக என்று இந்தியாவில் பிரீமியம் ஏற்றப்படுவதில்லை. 'அப்போ பிரச்னை இல்லையே' என்று நிம்மதி அடைந்துவிட முடியாது. போக்குவரத்து விதிமீறலின் உண்மையான விலை பிரீமியத்தில் தெரியாது. விபத்து நடந்து இழப்பீடு கேட்கும் நாளில்தான் தெரியும். அன்றைக்கு அது சில ஆயிரம் ரூபாயாக இருக்காது. லட்சங்களில், சில நேரம் கோடியில்கூட போய் நிற்கும்.

சுருக்கமாகப் பார்த்தால்...

- சலான் எண்ணிக்கையை வைத்து பிரீமியத்தை உயர்த்தும் பரிந்துரை 2021-ல் வந்தது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.
- ஆனால் விதிமீறலால் ஓட்டுநர் உரிமம் முடக்கப்பட்டால், அந்தக் காலத்தில் நடக்கும் விபத்துக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது சிக்கலாகிவிடும்.
- குடித்துவிட்டு ஓட்டினால் சொந்த வண்டியின் சேதத்துக்குப் பணம் கிடைக்காது.
- 'டவுன்ஷிப்புக்குள்ளதானே ஓட்டுறோம், இன்சூரன்ஸ் எதுக்கு?' என்ற வாதம் சட்டத்தின் முன் நிற்காது.

கார் பிரீமியம் எதை வைத்து கணக்கிடப்படுகிறது?

கார் இன்சூரன்ஸில் முக்கியமாக இரண்டு பகுதிகள். ஒன்று, மூன்றாம் நபர் காப்பீடு. நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் மரணம், காயம், சொத்து சேதத்துக்கான பொறுப்பை இது ஏற்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 146-வது பிரிவின்படி இது கட்டாயம். இரண்டாவது, சொந்தச் சேத காப்பீடு. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கானது. இதை எடுப்பதும் விடுவதும் உரிமையாளர் விருப்பம்.

மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணத்தை நிறுவனங்கள் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. மத்திய அரசுதான் அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த விகிதப்படி, ஜிஎஸ்டி தவிர்த்து ஆண்டுக் கட்டணம் இதுதான்:

- 1,000 சிசி வரையிலான கார்: 2,094 ரூபாய்
- 1,000 முதல் 1,500 சிசி வரை: 3,416 ரூபாய்
- 1,500 சிசிக்கு மேல்: 7,897 ரூபாய்
- 75 முதல் 150 சிசி வரையிலான இருசக்கர வாகனம்: 714 ரூபாய்

பத்து சலான் வாங்கியவருக்கும், ஒரு சலான்கூட வாங்காதவருக்கும் இந்தக் கட்டணம் ஒன்றுதான்.

சொந்தச் சேத பகுதியில் மட்டும்தான் நிறுவனங்களுக்கு விலை வைக்கும் சுதந்திரம் இருக்கிறது. வண்டியின் மதிப்பு, வயது, மாடல், ஊர் ஆகியவற்றோடு, முந்தைய ஆண்டுகளில் க்ளைம் வாங்கியிருக்கிறாரா என்பதையும் பார்ப்பார்கள். க்ளைம் வாங்காதவருக்கு 'நோ க்ளைம் போனஸ்' என்ற தள்ளுபடி உண்டு. முதல் ஆண்டுக்கு 20%, பிறகு 25%, 35%, 45% என்று ஏறி, ஐந்தாம் ஆண்டில் 50% வரை போகும். இடையில் ஒரு க்ளைம் வாங்கினால் இது பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும்.

அதாவது, இந்தியாவில் 'ரிஸ்க்கான ஓட்டுநர்' என்று கட்டணத்தில் அடையாளம் காணப்படுபவர் க்ளைம் வாங்கியவர்தான், சலான் வாங்கியவர் அல்ல.

சலானுக்குத் தனி பிரீமியம்: அந்தப் பரிந்துரை என்ன ஆச்சு?

அபராதத் தொகைகளை உயர்த்திய மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 2019 செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்தது. அதே மாதம், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, விதிமீறலையும் பிரீமியத்தையும் இணைப்பது பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. குழுவின் அறிக்கை 2021 ஜனவரியில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது.

'போக்குவரத்து விதிமீறல் பிரீமியம்' என்று ஒரு புதிய பகுதியை பாலிசியில் சேர்க்கலாம் என்றது அந்த அறிக்கை. ஒவ்வொரு விதிமீறலுக்கும் புள்ளிகள் உண்டு. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி. கடந்த இரண்டு ஆண்டுகளில் சேர்ந்த புள்ளிகளைக் கூட்டி, இருசக்கர வாகனத்துக்கு 100 முதல் 750 ரூபாய் வரையும், காருக்கு 300 முதல் 1,500 ரூபாய் வரையும் கூடுதலாக வாங்கலாம் என்பது யோசனை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், புள்ளி வண்டியின் கணக்கில் ஏறும். பணம் கட்ட வேண்டியவர் ஆர்சி புக்கில் பெயர் உள்ள உரிமையாளர். மகன் ஓட்டினாலும், நண்பர் ஓட்டினாலும், டிரைவர் ஓட்டினாலும் உரிமையாளர் தலையில்தான் விழும். வண்டியை விற்றால் புதிய உரிமையாளருக்குக் கணக்கு பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்கும்.

முதலில் டெல்லியில் சோதனை முறையில் தொடங்கலாம் என்று குழு சொல்லியிருந்தது. ஆனால் நாடு முழுவதற்குமான நடைமுறையாக அது இன்றுவரை வரவில்லை.

வெளிநாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர், காப்பீடு இல்லாமல் ஓட்டியவர் ஆகியோரிடம், 'இவருக்குக் காப்பீடு இருக்கிறது' என்று நிறுவனமே அரசுக்கு உறுதி கொடுக்கும் எஸ்ஆர்-22 என்ற சான்றைப் பல மாகாணங்கள் கேட்கின்றன. பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கு இது தொடர வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு பிரீமியமும் எகிறிவிடும். பிரிட்டனில் உரிமத்தில் ஏறும் தண்டனைப் புள்ளிகளைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மறைக்கக் கூடாது.

தமிழர்கள் அதிகம் வாழும் சிங்கப்பூரில் இதை வேறு விதமாகவும் செய்கிறார்கள். விதிமீறல் புள்ளியே இல்லாத ஓட்டுநருக்கு, நோ க்ளைம் போனஸுக்கு மேல் 5% தள்ளுபடி தரும் வழக்கம் அங்கே இருக்கிறது.

இந்தியாவில் இப்போதைக்கு சலானுக்கும் பிரீமியத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் சலானுக்கும் க்ளைமுக்கும் தொடர்பு இருக்கிறது.

சலான் எப்படி க்ளைமைக் கெடுக்கும்?

இது படிப்படியாக நடக்கும். பலருக்கும் தெரியாமலே நடக்கும்.

*முதல் படி: உரிமம் முடக்கம்.* சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-ல் மாநிலங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. அதிவேகம், சிக்னலை மீறுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், ஓட்டும்போது செல்போன் பேசுதல், சரக்கு வண்டியில் அதிக பாரம் ஏற்றுதல், சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல் ஆகிய ஆறு விதிமீறல்களுக்கு ஓட்டுநர் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் முடக்க வேண்டும் என்றது. அபராதத்தைக் கட்டிவிட்டால் கதை முடிந்தது என்று நினைப்பது இங்கேதான் தவறாகிறது. அபராதம் வேறு, உரிமம் முடக்கம் வேறு.

*இரண்டாம் படி: முடக்கப்பட்ட உரிமத்தோடு ஓட்டுதல்.* 'மூணு மாசம்தானே, ஊருக்குள்ள ஓட்டிக்கலாம்' என்று ஷிப்டுக்கும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் வண்டியை எடுப்பவர்கள் உண்டு. அந்த மூன்று மாதத்தில் அவர் சட்டத்தின் பார்வையில் உரிமம் இல்லாதவர்தான்.

*மூன்றாம் படி: விபத்து.* செல்லத்தக்க உரிமம் இல்லாதவர் ஓட்டினால், சொந்த வண்டியின் சேதத்துக்கு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். அடிபட்ட மூன்றாம் நபரின் நிலை வேறு. அவரைக் கைவிடக் கூடாது என்பதற்காக நீதிமன்றங்கள் ஒரு வழி வைத்திருக்கின்றன. நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். இதை 'பே அண்ட் ரெகவர்' என்பார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2004-ம் ஆண்டு ஸ்வரன் சிங் வழக்குத் தீர்ப்பு இதற்கு அடிப்படையாகச் சொல்லப்படுவது. உரிமையாளர் தெரிந்தே இப்படி ஒருவரிடம் வண்டியைக் கொடுத்தார் என்பதை நிறுவனம் நிரூபிக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. உரிமையாளரே முடக்கப்பட்ட உரிமத்தோடு ஓட்டியிருந்தால், 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வழியே இல்லை.

குடித்துவிட்டு ஓட்டினால்?

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது குற்றம். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டாம் முறை 15,000 ரூபாய் அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இன்சூரன்ஸிலும் விடமாட்டார்கள். 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் விபத்தில் சேதமானது. ஓட்டியவர் மது அருந்தியிருந்தார் என்று காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மூச்சுப் பரிசோதனை அறிக்கை இல்லாவிட்டாலும், போதையில் ஓட்டினார் என்பது வேறு ஆதாரங்களால் நிரூபணமானால் நிறுவனம் க்ளைமை மறுக்கலாம் என்று 2021 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. 'ஊதவே சொல்லலையே' என்ற வாதம் இனி உதவாது.

'டவுன்ஷிப்புக்குள்ள இன்சூரன்ஸ் எதுக்கு?'

நெய்வேலிக்கே உரிய கேள்வி இது. நகரியத்தின் சாலைகளும் குடியிருப்புகளும் என்எல்சி இந்தியா நிறுவனத்தின் கையில் இருப்பவை. வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்ட ஊர், அகலமான நேர் சாலைகள், குறைவான நெரிசல். 'இது கம்பெனி ரோடு, கவர்மென்ட் ரோடு இல்லையே' என்ற எண்ணம் சிலருக்கு இருக்கிறது.

சட்டம் சாலையின் சொந்தக்காரர் யார் என்று கேட்பதில்லை. பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள இடமா என்றுதான் கேட்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(34) பிரிவு 'பொது இடம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில், பேருந்து நின்று பயணிகளை ஏற்றி இறக்கும் இடமும் அடங்கும். தனியாருக்குச் சொந்தமான இடமானாலும், பொதுமக்கள் போய்வரும் இடம் என்றால் காப்பீட்டு விஷயத்தில் அது பொது இடமே என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் சொல்லியிருக்கிறது. பேருந்து ஓடி, கடைக்கும் மருத்துவமனைக்கும் வெளியூர் ஆட்கள் வந்துபோகும் நகரியச் சாலைகள் இந்த விளக்கத்துக்குள் வந்துவிடும்.

வேலி போட்டு, அனுமதி உள்ளவர் மட்டும் நுழையும் தொழிற்சாலை வளாகம் வேறு வகை. விசாகப்பட்டினம் உருக்காலையின் சரக்கு வளாகத்துக்குள் மட்டும் ஓடிய லாரிகளுக்கு மோட்டார் வாகன வரி கேட்கப்பட்ட வழக்கில், சுற்றுச்சுவரும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவலும் உள்ள அந்த வளாகம் பொது இடம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 29-ல் தீர்ப்பளித்தது. ஆனால் அது வரி பற்றிய வழக்கு. ஆர்ச் கேட் வழியாக உள்ளே வந்து குடியிருப்புச் சாலையில் ஓடும் காருக்கு அதைக் காட்டித் தப்பிக்க முடியாது.

காப்பீடு இல்லாமல் ஓட்டினால் அபராதம் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய். 3 மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. உயர்த்தப்பட்ட அபராதங்களை தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் நடைமுறைப்படுத்தியது. காப்பீடு இல்லாத வண்டி ஆட்களை மோதியிருந்தால், உரிய பிணைத்தொகை கட்டாமல் வண்டியை விடுவிக்கக் கூடாது என்று விதி செய்யுமாறு உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது.

எவ்வளவு பணம் கட்ட வேண்டியிருக்கும்?

இழப்பீட்டை நீதிமன்றங்கள் ஒரு கணக்கின்படிதான் முடிவு செய்கின்றன. உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) தீர்ப்புகள் வகுத்த கணக்கு அது. நெய்வேலி போன்ற ஊருக்கு ஓர் உதாரணம்:

சைக்கிளில் ஷிப்டுக்குப் போகும் 35 வயது நிரந்தரத் தொழிலாளி ஒருவர் கார் மோதி இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 60,000 ரூபாய். அவரை நம்பி மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர்.

- நிரந்தர வேலை, 40 வயதுக்குள் என்பதால் எதிர்கால உயர்வுக்காக 50% சேர்க்கப்படும்: மாதம் 90,000 ரூபாய்
- ஆண்டுக்கு: 10,80,000 ரூபாய்
- அவருடைய சொந்தச் செலவாக கால் பங்கு கழிக்கப்படும்: மிச்சம் 8,10,000 ரூபாய்
- 35 வயதுக்கான பெருக்கல் எண் 16: மொத்தம் 1,29,60,000 ரூபாய்

வருமான வரியைக் கழித்தால் தொகை கொஞ்சம் குறையும். இறுதிச் சடங்குச் செலவு போன்றவை சேர்ந்தால் கொஞ்சம் கூடும். எப்படிப் பார்த்தாலும் ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். 3,416 ரூபாய் கட்டி பாலிசியை உயிரோடு வைத்திருந்தால், உரிமமும் சரியாக இருந்தால், இதை நிறுவனம் ஏற்கும். இல்லையென்றால் உரிமையாளரின் வீடு, நிலம், சேமிப்பு என்று எல்லாவற்றின் மீதும் வசூல் நடவடிக்கை பாயும். இறந்தவரின் குடும்பமும் அந்தப் பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

ஓட்டியவரே இறந்தால்?

தன் சொந்த அலட்சியத்தால் விபத்தில் இறந்தவரின் குடும்பம், அந்த வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் இருந்து இழப்பீடு கேட்க முடியாது. அதிவேகமாக ஓட்டிக் கார் கவிழ்ந்து இறந்தவரின் குடும்பம் தொடர்ந்த கர்நாடக வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் மீண்டும் உறுதி செய்தது.

அப்படிப்பட்ட குடும்பத்துக்கு உதவக்கூடியது, உரிமையாளர் ஓட்டும்போது நேரும் விபத்துக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. உரிமையாளரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். உரிமம் முடக்கப்பட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

பையனிடம் சாவியைக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு...

18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி விதியை மீறினால், 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமம் எடுக்க முடியாது. 'டியூஷனுக்குத்தானே, ரெண்டு வட்டம் தள்ளித்தானே' என்று கொடுக்கும் சாவிக்கு விலை இவ்வளவு. விபத்தானால் இழப்பீட்டுச் சுமை தனி.

பழைய கார் வாங்கும்போதும் விற்கும்போதும்

பணி ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து சொந்த ஊர் திரும்புகிறவர்கள் காரை விற்றுவிட்டுப் போவது உண்டு. இங்கே இரண்டு பக்கமும் ஏமாற வாய்ப்பிருக்கிறது.

விற்பவர், ஆர்சி புக்கில் பெயர் மாறும் வரை விடக் கூடாது. கைமாறிய பிறகு விபத்து நடந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. வாங்குபவர், அந்த வண்டி எண்ணில் நிலுவைச் சலான் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

நோ க்ளைம் போனஸ் வண்டிக்கு உரியது அல்ல, ஆளுக்கு உரியது. விற்றவர் அதற்கான கடிதத்தை நிறுவனத்திடம் வாங்கி வைத்து, மூன்று ஆண்டுக்குள் வாங்கும் வேறு காருக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். வாங்கியவர் பழையவரின் போனஸை அப்படியே அனுபவிக்க முடியாது. பொய்யாகச் சொல்லித் தள்ளுபடி வாங்கினால் பிறகு க்ளைமில் மாட்டிக்கொள்ள நேரிடும்.

பிரீமியத்தைக் குறைக்க நியாயமான வழி உண்டா?

உண்டு. ஓட்டும் தூரத்தை வைத்தும், ஓட்டும் விதத்தை வைத்தும் சொந்தச் சேத பிரீமியத்தை நிர்ணயிக்கும் கூடுதல் திட்டங்களுக்கு ஐஆர்டிஏஐ 2022 ஜூலையில் அனுமதி கொடுத்தது. வீடு, ஆலை, மார்க்கெட் என்று நகரியத்துக்குள்ளேயே கொஞ்ச தூரம் மட்டும் ஓடும் காருக்கு, தூரத்தை வைத்துக் கணக்கிடும் திட்டம் லாபமாக இருக்கலாம். ஓட்டும் விதத்தைப் பார்க்கும் திட்டத்தில் வேகம், திடீர் பிரேக் போன்றவற்றை ஒரு கருவியோ செயலியோ பதிவு செய்யும். நிதானமாக ஓட்டுபவருக்குக் கட்டணம் குறையும்.

இப்போதே செய்ய வேண்டியவை

1. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்க்க வேண்டும். இருசக்கர வாகனத்துக்கும் சேர்த்துத்தான்.
2. இ-சலான் இணையதளத்தில் நிலுவை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறாக வந்த சலான் என்றால் விட்டுவிடாமல் அங்கேயே ஆட்சேபம் தெரிவிக்கலாம்.
3. ஓட்டுநர் உரிமம் நடப்பில் இருக்கிறதா, முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடக்கம் முடியும் வரை வண்டியைத் தொடாமல் இருப்பதே நல்லது.
4. பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த நோ க்ளைம் போனஸ் போய்விடும். அதற்குள் புதுப்பிக்க வேண்டும்.
5. புதிதாக வாங்கும் காருக்கு மூன்று ஆண்டு, இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பரில் இருந்து கட்டாயம். கோவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு இது. அந்தக் காலம் முடிந்ததும் புதுப்பிக்க மறந்துவிடுபவர்கள் அதிகம். முடியும் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

க்ளைமை நியாயமில்லாமல் மறுத்தால்?

பழைய சலான் இருக்கிறது என்பது மட்டுமே க்ளைமை மறுக்கக் காரணமாக முடியாது. விபத்து நேரத்தில் உரிமம் செல்லத்தக்கதா, ஓட்டியவர் போதையில் இருந்தாரா, பாலிசி நடப்பில் இருந்ததா என்பவைதான் கேள்வி. மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்கு ஓராண்டுக்குள் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை அங்கே கட்டணம் இல்லாமல் விசாரிப்பார்கள். ஐஆர்டிஏஐயின் 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் 2022-ல் மட்டும் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே அதிகம் இதுதான். அந்த ஆண்டில் மாநிலச் சாலைகளில் 17,884 பேர் உயிரிழந்தார்கள். கும்பகோணம் நெடுஞ்சாலையும் கடலூர்-விருத்தாசலம் சாலையும் தொட்டுப் போகும், ஷிப்டு மாறும் நேரத்தில் சைக்கிளும் பைக்கும் பேருந்தும் ஒன்றாக இறங்கும் நெய்வேலியில், சலானைக் கட்டி முடிப்பதோடு வேலை முடிந்துவிடாது. அது எதற்காக வந்ததோ அந்தப் பழக்கத்தை நிறுத்தினால்தான் உரிமமும் நிற்கும், இன்சூரன்ஸும் கைகொடுக்கும்.